முப்பத்தொரு மில்லிமீட்டர்

மே 30

அண்ணிக்கு,

உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டுவிட்டீர்கள். இருக்கிறேன். மலை உச்சியில் ஒரு வானிலை நிலையம், அதில் மூன்று பேர், ஒரு அடுப்பு, வாரத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும் தபால் வண்டி. கைபேசி இங்கே நேரம் பார்க்க மட்டும்தான். தலைமை அலுவலகத்தோடு பேச ஒரு வயர்லெஸ் பெட்டி உண்டு. அதில் மழை, காற்று, வெப்பம் தவிர வேறு எதைப் பேசினாலும் எங்கள் மேலாளருக்கு முகம் கோணிவிடும்.

உங்கள் கடிதத்தில் பாதி அண்ணன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியது என்று படித்தவுடனே தெரிந்தது. லிப்ட் ரிப்பேர் செய்கிற மனிதருக்குப் பேனாவைக் கண்டால் மட்டும் கை நடுங்கும். பரவாயில்லை. சின்ன வயதில் என் பள்ளிக்கூட லீவு லெட்டரில்கூட நீங்கள்தானே அவர் பெயரில் கையெழுத்துப் போட்டீர்கள்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். போன லீவில் நான் கொடுத்துவிட்டு வந்த பழைய மழைமானியை அண்ணன் மொட்டை மாடியில் வைத்து, தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து, உங்களிடம் சொல்லி, நீங்கள் எனக்கு எழுதுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் போன மாதம் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டராமே? மேகத்துக்குள்ளேயே குடியிருக்கிற எங்களுக்கே நூற்றுத் தொண்ணூறுதான். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு அளக்கிறாரா, இல்லை ஆசைக்கு நாலு சேர்த்துக்கொள்கிறாரா? தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு வாயால் ஒரு எண்ணைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சி இல்லாத மழையை எங்கள் துறை ஏற்காது என்று லிப்ட்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
வாலு

ஜூன் 15

தம்பி,

நீ விளையாட்டுக்கு எழுதினாய். இங்கே வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சாட்சி என்ற இடம் வந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து பரண்மேல் ஏறினார். நீ எட்டாவது படிக்கும்போது மீன் வளர்க்கிறேன் என்று அடம்பிடித்து வாங்கி, பத்தே நாளில் ஆறு மீனையும் மேலே அனுப்பிவைத்தாயே, அந்தக் கண்ணாடித் தொட்டியைத் தூசியோடு இறக்கினார். இப்போது அது மொட்டை மாடியில், படிக்கட்டுக் கூரைக்கு அடியில் இருக்கிறது. காலையில் மழைமானியை அளந்ததும் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் அதில் ஊற்றுகிறார். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறார். நீ வந்து பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

திறந்து வைக்காதீர்கள், ஒரு துணியாவது கட்டுங்கள் என்றேன். "துணி தண்ணியக் குடிச்சிடும், கணக்கு கொறையும்" என்கிறார். சரி, ஒரு பலகையாவது வைத்து மூடுங்கள் என்றால், "பலகையில வேர்த்து ஒட்டிக்கும், அதுவும் கொறையும்" என்கிறார். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டருக்குள் உட்கார்ந்து எட்டு மணி நேரம் தொண்டை வற்றக் கத்திவிட்டு வருகிறேன். வீட்டிலும் கத்தத் தெம்பில்லை. அண்ணனும் தம்பியும் எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரம்: எட்டு, மூன்று, மழை இல்லை, பத்தொன்பது, மழை இல்லை, பன்னிரண்டு, ஐந்து. அவர் சொன்னதை எழுதுகிறேன். சாட்சி தொட்டி.

அண்ணி

ஜூன் 24

அண்ணி,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். அவருக்கும் மேலாளருக்கும் படித்துக் காட்டினேன். மேலாளர் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவர் அண்ணன் கட்சி.

ஆகஸ்ட் இருபதாம் தேதி எனக்கு லீவு. அளவுகோலோடு வருகிறேன். அதுவரைக்கும் தொட்டியிலிருந்து ஒரு சொட்டைக்கூடக் கொட்டக் கூடாது. மூடவும் கூடாது. மூடினால் வழக்கு தள்ளுபடி. வெயிலில் வற்றுகிற அளவை நானே கணக்குப் போட்டுக் கழித்துக்கொள்கிறேன், அதற்கெல்லாம் எங்களிடம் அட்டவணை இருக்கிறது. நீங்கள் இரக்கப்பட்டு இதைச் சுத்தம் செய்கிறேன் அதைத் துடைக்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். தீர்ப்பு வரும்வரை தொட்டி நீதிமன்றச் சொத்து.

வாலு

ஜூலை 28

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன், பன்னிரண்டு மணிக்கு எனக்கு டியூட்டி. பயப்பட வேண்டாம், எல்லாம் சரியாகிவிட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

உன் அண்ணனுக்கு இருபத்து நாலாம் தேதி வேலையிலிருந்து வரும்போதே நல்ல காய்ச்சல். நூற்று மூன்று. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார், எலும்பெல்லாம் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன டாக்டர் இருக்கிறாள், பார்த்தால் கல்லூரிப் பெண் மாதிரி இருப்பாள், ஆனால் கெட்டிக்காரி. ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்து போனதே, திரும்பவும் வருமா என்று கேட்டேன். அதில் நாலு வகை இருக்கிறதாம். ஒன்று வந்தால் அந்த ஒன்றுதான் திரும்ப வராதாம். காய்ச்சல் மாத்திரை தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், நிறையக் குடிக்கக் கொடுங்கள், தினமும் வந்து ரத்தம் கொடுங்கள், காய்ச்சல் விட்ட அன்றும் கட்டாயம் வாருங்கள் என்றாள்.

மூன்று நாளும் தவறாமல் போனோம். இன்று காலை பார்த்தால் காய்ச்சல் சுத்தமாக இல்லை. தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நான் மூன்று தடவை வைத்துப் பார்த்தேன், அவர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஒரு அடுக்குமாடியில் மின்சாரம் போய், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே டியூஷனுக்குப் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். இன்னொரு மெக்கானிக் வெளியூரில் இருக்கிறார். உனக்குத் தெரியுமே, மேலே ஏறி பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். "காய்ச்சல்தான் போயிடுச்சே, இனிமே எதுக்கு ஊசி? போயிட்டு வந்து தூங்கறேன்" என்று கிளம்பிவிட்டார். திட்டினேன், கேட்கவில்லை. குடையைக் கொடுக்கும்போது கை ஜில்லென்று இருந்தது. நாலு நாள் நெருப்பாகக் கொதித்த கை, அதைத் தொட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. வயிறு கொஞ்சம் வலிக்கிறது என்றார். நாலு நாளாக வெறும் பழச்சாறு குடித்தால் வலிக்காதா?

டியூட்டிக்குப் போகும் வழியில் இதைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

அண்ணி

ஆகஸ்ட் 1

அண்ணி,

வண்டி வந்து நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், அதனால் நாலு வரிதான்.

பாதிக் கடிதம்வரை அறைக்குள் நடந்துகொண்டேதான் படித்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன். லிப்ட்காரரை ஒரு வாரம் கட்டிலோடு கட்டிப் போடுங்கள், அந்த ஊரில் எல்லோரும் கொஞ்ச நாள் படியேறட்டும்.

ஒரு விஷயம் கவனித்தேன். இருபத்தெட்டாம் தேதி மழை அளவை நீங்கள் எழுதவே இல்லை. அன்றைக்கு எங்கள் பதிவேட்டில் இருபத்தாறு. தோற்றுவிட்டார் போலிருக்கிறது, அதனால்தான் உங்களை எழுதவிடவில்லை. காய்ச்சல் என்று சாக்குச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லுங்கள்.

வாலு

ஆகஸ்ட் 8

அண்ணி,

ஒன்றாம் தேதி வண்டி இறங்கிப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வயர்லெஸ் அறையிலிருந்து மேலாளர் வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து செய்தியைச் சொன்னார். நீங்கள் முப்பதாம் தேதியே தலைமை அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அது இரண்டு நாள் யாருடைய மேசையிலோ தூங்கியிருக்கிறது. அன்று சாயங்காலமே மலைப்பாதை மூன்று இடத்தில் சரிந்துவிட்டது. நடந்தாவது போகிறேன் என்று கிளம்பினேன், இரண்டு பேரும் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அண்ணன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

இன்று மின்கம்பி பார்க்கிற ஆள் காட்டு வழியாக இறங்குகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் இருபத்தெட்டாம் தேதி எழுதியது என் கையில்தான் இருக்கிறது. கை ஜில்லென்று இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வயிறு வலித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் விட்ட அன்றும் கட்டாயம் வரச்சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு ஏன் அனுப்பினீர்கள் அண்ணி? கதவைச் சாத்திப் பூட்டியிருக்கக் கூடாதா? என்னை எத்தனை தடவை பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம், எனக்குப் புரியவே இல்லை. ஒரு கொசு. ஆறடி மனிதர், லிப்ட் சக்கரத்தைக் கையால் சுற்றுகிற மனிதர். காய்ச்சல் விட்ட பிறகு ஒருவர் எப்படிச் சாவார்? எனக்கு எழுதுங்கள். எதையும் விடாமல் எழுதுங்கள்.

ஆகஸ்ட் 16

தம்பி,

நீ கேட்டது நியாயம்தான். நானும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். அந்தச் சின்ன டாக்டரைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். என் கொழுந்தனுக்குச் சொல்ல வேண்டும், புரியும்படி சொல்லு என்றேன். மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் சொன்னாள்.

அன்று அவர் அந்தப் பிள்ளைகளை இருபது நிமிஷத்தில் இறக்கிவிட்டார். இறக்கிவிட்டு மேலே மிஷின் ரூம் படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறார். காவலாளி வண்டி பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். மனசு கேட்காமல் மூன்று மணிக்கு நான் பாதி டியூட்டியில் வந்தேன். படுக்கிறார், எழுகிறார், எந்தப் பக்கமும் இருப்புக் கொள்ளவில்லை. ஈறிலிருந்து கசிந்து துண்டில் ரத்தம். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்றார். உடனே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவர் விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தாள், வெளுத்த இடம் திரும்பச் சிவக்கவே இல்லை. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ரத்த அழுத்தம் தொண்ணூறுக்கு எழுபத்தைந்து. மேல் எண்ணும் கீழ் எண்ணும் இப்படி நெருங்கக் கூடாதாம்.

"காய்ச்சல் விட்டதும் எல்லாரும் நிம்மதியாயிடறாங்கம்மா. நாங்க பயப்படறதே அதுக்கப்புறம் வர்ற ரெண்டு நாளுக்குத்தான்" என்றாள்.

இந்தக் கிருமியும், அதோடு உடம்பு போடுகிற சண்டையும் சேர்ந்து ரத்தக் குழாய்களின் உள்சுவரை இளக்கிவிடுமாம். ரத்தத்தில் இருக்கிற நீர் அந்தச் சுவர் வழியாகக் கசிந்து, நெஞ்சுக் கூட்டிலும் வயிற்றுக்குள்ளும் போய்த் தேங்கும். வெளியே ஒரு சொட்டு வராது, யாருக்கும் தெரியாது. குழாயில் மிச்சம் இருக்கிற ரத்தம் கெட்டியாகிவிடும், சுற்றி வர அளவும் போதாது. அப்போது உடம்பு முதலில் கைகால்களைக் கைவிடுமாம், இருக்கிறதை வைத்து இதயத்தையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும். நான் தொட்டுச் சந்தோஷப்பட்ட ஜில் அதுதான் தம்பி. அப்புறம் சிறுநீரகத்துக்குப் போகிறது குறையும். ஈரல் வீங்கும், அந்த வயிற்று வலி அதுதான். பழச்சாறு இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்தோமே, அதுவே காலை வாரிவிட்டதாம். உடம்பு பழைய ஆள் என்று நினைத்துப் பழைய ஆயுதத்தை எடுத்திருக்கிறது. அது இந்தப் புது வகையைக் கொல்லாமல், கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, அவருக்கு ஆனது.

குளுக்கோஸ் மாதிரி உப்புநீர் ஏற்றினார்கள். அதிலும் கை கட்டிப்போட்ட வேலைதான். குறைவாக ஏற்றினால் அழுத்தம் விழும். அதிகம் ஏற்றினால் அதுவும் கசிந்து நுரையீரலை அடைக்கும். மணிக்கு மணி ரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாற்றினார்கள். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பிளேட்லெட் எவ்வளவு என்றுதான் என்னிடம் கேட்டார்கள். டாக்டர் அதைவிட ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் கொஞ்சம் தெளிந்தார். கண்ணைத் திறந்து, "வாலுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

சாயங்காலம் வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்தது. உறைய வேண்டிய ரத்தம் உறையவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். ஈரல் நின்றது, சிறுநீரகம் நின்றது, நினைவு தடுமாறியது. மூச்சுக் குழாய் வைக்கப் போவதற்கு முன்னால் நர்ஸ் கதவைத் திறந்தபோது அவர் கையைத் தூக்கி, "தொறக்காதீங்க, இன்னும் மட்டத்துக்கு வரல" என்றார். லிப்டுக்குள் இருப்பவர்களிடம் அவர் சொல்வது அதுதானே. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. முப்பதாம் தேதி காலை பத்து இருபதுக்கு இதயம் நின்றது. அந்தச் சின்னப் பெண் நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள், கடைசியில் இன்னொரு டாக்டர் வந்து அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

அன்று காலையே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். சீக்கிரம் தண்ணீர் ஏற்றத் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதை நான் தாங்கிக்கொள்கிறேன்.

உன் ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக் கடிதம் ஆறாம் தேதி வந்தது. வாசலில் நின்றே படித்தேன். கட்டிலோடு கட்டிப் போடச் சொன்ன இடத்தில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

சுகாதாரத் துறை ஆட்கள் தெரு முழுக்க வந்து பார்த்தார்கள், மருந்து அடித்தார்கள். நம் வீட்டில் ஒன்றும் இல்லை. மீன் தொட்டியைக் கழுவும்போது கை தவறி உடைந்துவிட்டது, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. பாதை சரியானதும் லீவுக்கு வா. உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

அண்ணி

ஆகஸ்ட் 29

அண்ணி,

முதலில் மன்னிப்பு. அந்தக் கடிதத்தைக் கம்பிக்காரர் கையில் கொடுத்த அன்றே திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று கொஞ்ச தூரம் ஓடினேன். அவர் போய்விட்டார். உங்களைப் போய் அப்படிக் கேட்டேனே. அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பாதை பதினெட்டாம் தேதியே சரியாகிவிட்டது. இருபதாம் தேதி லீவை வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். காரணம் சொல்கிறேன்.

பத்து வருஷமாக உங்கள் கையால் ஒரு டம்ளர் உடைந்து நான் பார்த்ததில்லை. நான் உடைத்ததைக்கூட நீங்கள் ஒட்டித்தான் வைப்பீர்கள். தொட்டி கை தவறி உடைந்தது என்று நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். அப்புறம் இங்கே முதலுதவிப் பெட்டியில் இருக்கிற சின்னப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கொசு சாக்கடையில் வளராதாம். வீட்டுக்குப் பக்கத்தில், நிழலில், ஆடாமல் அசையாமல் நிற்கிற நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். பகலில்தான் கடிக்குமாம்.

மழைத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எது அண்ணி? நீங்கள் துணி கட்டச் சொன்னீர்கள். மூடக் கூடாது என்று எழுதியது நான். ஒரு சொட்டைக்கூடக் கொட்டக் கூடாது, நீதிமன்றச் சொத்து என்று எழுதியது நான். உங்களிடம், அவரை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டதும் நான்தான்.

தொட்டியில் புழு இருந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள். எனக்காக எதையும் மறைக்க வேண்டாம். பதில் எதுவானாலும் நான் அங்கே வரப்போவதில்லை. இந்த நிலையத்திலேயே இன்னும் மூன்று வருஷம் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. உங்கள் பதில் வந்ததும் விண்ணப்பத்தை அனுப்பப் போகிறேன்.

வாலு

செப்டம்பர் 7

தம்பி,

இருந்தது.

சுகாதார ஆய்வாளர் மாடிக்கு ஏறி டார்ச் அடித்துக் காட்டினார். நெளிந்துகொண்டிருந்தன. தண்ணீருக்கு மேலே கண்ணாடியில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தது முட்டையாம். கொட்டினால் மட்டும் போகாது, தேய்த்துக் கழுவ வேண்டும், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்றார். அவர் போனதும் சுத்தியலை எடுத்து உடைத்தேன். கை தவறவில்லை.

மறைத்ததற்கு நீ என்னைத் திட்டலாம். உன் அண்ணன் போய்விட்டார், இருக்கிறவனையும் இழக்க வேண்டாம் என்று பார்த்தேன். நீ ஒரு வரியில் கண்டுபிடித்துவிட்டாய். எட்டாவது படிக்கும்போது கணக்கில் இந்த மூளை இருந்திருக்கலாம்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உன் ஜூன் இருபத்து நாலாம் தேதிக் கடிதம் வந்த அன்று இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். தொட்டிக்குள் என்னவோ நெளிகிறதே என்று முதலில் பார்த்தது நான்தான். "இருக்கட்டும், வாலு வளத்த மீன விட இது நல்லா நீந்துது" என்றார் அவர். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். நீ மலைமேல் இருந்தாய், கண்ணால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். குற்றம் என்று பங்கு போட்டால் உன் பங்குதான் சின்னது, அதையும் தூக்கிக்கொண்டு ஓடாதே.

இன்னொன்று. ஆய்வாளர் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீட்டில் பிடித்தார். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டில், ஒரு வீட்டில் பூச்சாடிக்கு அடியில். உன் அண்ணன் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். லிப்ட் என்றேன். உடனே அவர் வேலை பார்த்த கட்டிடங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். நாலு கட்டிடத்தில் லிப்ட் குழிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், அதிலும் அதே புழு. அந்தக் குழிக்குள் இறங்கித்தானே உன் அண்ணன் பகல் முழுக்க நிற்பார். எந்தக் கொசு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அது கொசுவுக்கே தெரியாதும்மா" என்றார். இதை உனக்குச் சமாதானம் சொல்ல எழுதவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சுமக்காதே என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் துறையில் அளக்காததை எழுதுவீர்களா?

நாலு நாளாக டியூட்டி முடிந்ததும் அந்தக் கட்டிடங்களுக்குப் போய் வருகிறேன். குழியை இறைத்தார்களா என்று பார்க்காமல் வரமாட்டேன். கவுன்டரில் கத்திப் பழகிய தொண்டை இப்போதுதான் உருப்படியாகப் பயன்படுகிறது. என்னைக் கண்டாலே காவலாளிகள் மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதை இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலை, காய்ச்சல் விட்டதும் அவர் முதலில் செய்த காரியம் மாடிக்கு ஏறியது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். நான் பின்னாலேயே போனேன். மழைமானியைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தம்பி, அளந்தார். என்னையும் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். செருப்பை மாட்டும்போது, "அளவ மறக்காம எழுதிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவசரத்தில் நான் மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைத் திறந்து, வாலுக்கு எழுதிவிட்டாயா என்று கேட்டது அதைத்தான். எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யோடு என்னால் இருக்க முடியவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன்.

ஜூலை 28, காலை எட்டு மணி. முப்பத்தொரு மில்லிமீட்டர்.

தண்ணீரும் இல்லை, தொட்டியும் இல்லை. சாட்சி நான் ஒருத்திதான் இருக்கிறேன். நம்ப முடியாவிட்டால் நேரில் வந்து விசாரித்துக்கொள்.

அண்ணி

செப்டம்பர் 13

அண்ணி,

விண்ணப்பத்தைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டேன், அடுப்புப் பற்றவைக்க. வருகிற வெள்ளிக்கிழமை தபால் வண்டியிலேயே இறங்குகிறேன். கதவைப் பூட்டாமல் வையுங்கள்.

சாட்சியை ஏற்றுக்கொண்டேன். மேலாளரிடம் கேட்டு, எங்கள் பதிவேட்டில் ஜூலை இருபத்தெட்டாம் தேதிப் பக்கத்தை எடுத்தேன். எங்கள் இருபத்தாறுக்குப் பக்கத்தில், ஓரத்தில் பென்சிலால் முப்பத்தொன்று என்று எழுதி வைத்திருக்கிறேன். மேலாளர் பார்த்தார், அழிக்கச் சொல்லவில்லை.

ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அண்ணன் ஜெயித்துவிட்டார்.

வாலு